காற்றின் பெயர் பெற்ற திசைகள்

இத்தாலிய மொழியைக் கற்கப் புகும் ஒருவர் நாற்றிசைகளுக்கும் பெயர் கேட்பாராயின் நோர்த், சூத், எஸ்த், ஓவெஸ்த் என்ற நான்கு சொற்களை ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார். ஆங்கிலம் அறிந்தோர்க்கு இவற்றில் புதுமை ஏதும் தோன்றாது. பழைய ஆங்கிலத்தில் பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக இத்தாலிக்குள் நுழைந்த சொற்கள் அவை. இன்று அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்வதும், சாலையோரப் பலகைகளில் காண்பதும் இவற்றையே.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. இத்தாலி மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாடு. அமால்ஃபி, பீசா, ஜெனோவா, வெனிஸ் ஆகிய துறைமுகங்கள் பல நூற்றாண்டுகள் கடல் வாணிகத்தால் வாழ்ந்தவை. அத்தகைய மக்கள் வடதிசைக்கு அயலாரிடம் ஒரு சொல்லைக் கடன் வாங்கும் வரையில் பெயரில்லாமலா இருந்தார்கள்? இல்லை. அவர்களிடம் இன்னும் இரண்டு தொகுதிச் சொற்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வானத்தைப் பார்த்து வைத்தது. மற்றது காற்றை உணர்ந்து வைத்தது. நம் கருத்தைக் கவர்வது பின்னதேயாயினும் முன்னதைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம்.

வானம் பார்த்து வைத்த பெயர்களில் கிழக்கு ‘ஒரியெந்தே’, அதாவது எழுவது. மேற்கு ‘ஒச்சிதெந்தே’, விழுவது. அரபு மொழியின் மஷ்ரிக், மஃரிப் என்பனவும் இதே கருத்தில் அமைந்தவையே. தெற்குக்கு ‘மெத்ஸோஜோர்னோ’ என்பர். நண்பகல் என்பது அதன் பொருள். வடகோளத்தில் வாழ்வோர்க்கு உச்சிவேளைச் சூரியன் தெற்கே நிற்பதால் வந்த பெயர் அது. வடக்கின் பெயர் ‘செத்தென்திரியோனே’. உழவு மாடுகள் ஏழு என்னும் இலத்தீன் சொற்றொடரிலிருந்து பிறந்தது. நாம் ஏழு முனிவர் என்று கூறும் வானத்து மீன்களை உரோமர் ஏழு மாடுகளாகக் கண்டனர். அரபிகளோ அவற்றைப் ‘பனாத் நஃஷ்’ என்றனர். சந்தூக்கின் பின்னே நடந்து செல்லும் பெண்மக்கள் என்பது பொருள். ஏழு விண்மீன்கள்தாம், உழவன் மாட்டைக் கண்டான், பாலைவனத்தான் மையித்து ஊர்வலத்தைக் கண்டான்.

இனிக் காற்றுக்கு வருவோம். தமிழருக்கு இதனை விளக்க அதிக உரை தேவையில்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று நான்கு காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. இத்தாலிய மாலுமிகள் எட்டுக் காற்றுக்குப் பெயர் வைத்தனர். வடக்கு திரமொந்தானா, வடகிழக்கு கிரேகோ, கிழக்கு லெவாந்தே, தென்கிழக்கு ஷிரோக்கோ, தெற்கு ஓஸ்த்ரோ, தென்மேற்கு லிபேச்சோ, மேற்கு பொனேந்தே, வடமேற்கு மயேஸ்த்ரோ. காற்றின் பெயரே அது வரும் திசைக்கும் பெயராயிற்று. இவற்றுக்கிடையே பாதியும், பாதியில் பாதியுமாகப் பிரித்து முப்பத்திரண்டு கூறுகளாக்கினர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நமக்குக் கிடைக்கும் அவர்களுடைய கடல் வரைபடங்களில் இக்காற்றுக் கோடுகள் சிலந்தி வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. எட்டுத் திசைகளையும் இதழ்களாக விரித்துக் காட்டும் வட்டத்தைக் ‘காற்றுகளின் ரோஜா’ என்று அழைத்தனர்.

அந்த ரோஜாவில் பெயர்களின் முதலெழுத்தை மட்டும் பொறிப்பது வழக்கம். லெவாந்தேக்கும் லிபேச்சோவுக்கும் முதலெழுத்து ஒன்றேயாதலால் குழப்பம் நேராதிருக்கக் கிழக்கில் எழுத்துக்குப் பதிலாகச் சிலுவையைப் பொறித்தனர். அவர்களுடைய புனித நகரம் அத்திசையில் இருந்தது என்பதும் ஒரு காரணம். இன்னொரு குழப்பம் பிற்காலத்தில் விளைந்தது. பழைய ரோஜாவில் ‘ஓ’ என்றால் ஓஸ்த்ரோ, தெற்கு. இன்றைய இத்தாலிய வரைபடத்தில் ‘ஓ’ என்றால் ஓவெஸ்த், மேற்கு. பழைய படத்தைப் புதிய கண்ணால் படிப்பவன் கப்பலைக் கால்வட்டம் திருப்பிவிடுவான்!

திசைக்குப் பெயர் வைப்பவன் ஓரிடத்தில் நின்றே வைக்க வேண்டும். நம் கிழக்கும் மேற்கும், நிலம் கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் செல்வதை வைத்துப் பிறந்தவை. மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள நாட்டில் நின்றவன் வைத்த பெயர்கள். திரமொந்தானா என்றால் மலைகளுக்கு அப்பாலிருந்து வருவது. வடக்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் நிற்க, அதற்குத் தெற்கே நின்றவன் சொன்ன சொல் அது. ஆனால் கிரேகோவைப் பாருங்கள். கிரேக்க நாட்டிலிருந்து வரும் காற்று என்பது பொருள். அது வடகிழக்குக்குப் பெயராயிருக்கிறது. வெனிஸ் நகரிலிருந்து பார்த்தால் கிரேக்கம் தென்கிழக்கில் அன்றோ கிடக்கிறது? ஆயினும் வெனிஸ்காரனும் வடகிழக்கைக் கிரேகோ என்றே சொன்னான். ஆகவே இப்பெயர்களை முதலில் வைத்தவன் வெனிசில் நின்றவன் அல்லன். அவன் தெற்கே, சிசிலிக்கும் மால்டாவுக்கும் அயோனியக் கடலுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பில் எங்கோ நின்றிருக்க வேண்டும். வேறு பலரும் இவ்வாறே கருதியுள்ளனர். அங்கு அக்காலத்தில் நடமாடிய மொழிகள் எவை என்று கேட்டால், இலத்தீனும் கிரேக்கமும் மட்டுமல்ல, அரபும் என்பதே விடை.

கி.பி. 827-இல் வட ஆப்பிரிக்காவின் அஃக்லபீ ஆட்சியாளர் சிசிலித் தீவில் படையிறக்கினர். 831-இல் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று. அதன் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அத்தீவு அரபு பேசிற்று. எலுமிச்சையும் கரும்பும் அங்கே பயிராயின; மண்ணுக்கடியில் நீரோடும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. பலெர்மோவில் அக்கால்வாய்களை இன்றும் ‘கனாத்’ என்றே சொல்கின்றனர். 1061-இல் தொடங்கி 1091-க்குள் நார்மானியர் தீவு முழுவதையும் கைப்பற்றினர். ஆயினும் அரபு நாவு உடனே அடங்கிவிடவில்லை. நார்மானிய அரசர் இரண்டாம் ரோஜரின் அவையில் அமர்ந்துதான் ஷரீஃப் அல்இத்ரீஸீ தம் புவியியல் பெருநூலை அரபில் எழுதினார். ஹிஜ்ரி 548, அதாவது கி.பி. 1154-இன் தொடக்கத்தில் அது நிறைவுற்றது. எழுபது பகுதிகளாகப் பிரித்து அவர் வரைந்த உலகப் படத்தில் தெற்கு மேலேயும் வடக்கு கீழேயும் இருக்கும். இன்றைய பிள்ளைகள் அதைக் கண்டால் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று எண்ணித் திருப்பிவிடுவர். வடக்கை மேலே வைப்பதும் ஒரு வழக்கமேயன்றி இயற்கையின் கட்டளையன்று என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்வதற்கு இத்ரீஸீயின் படத்தைவிடச் சிறந்த சாதனம் இல்லை.

இக்கடலில்தான் ஷிரோக்கோ பிறந்தது. மக்ரிபு நாட்டு அரபில் தென்கிழக்குக் காற்றை ‘ஷுலூக்’ என்பர். அச்சொல்லின் வழியே இத்தாலியச் சொல் வந்ததென்று அகராதிக்காரர் பலர் கூறுவர். கிழக்கு என்னும் பொருளுடைய ‘ஷர்க்’ என்ற வேரோடு இதனை இணைப்போரும் உளர். சஹாராவிலிருந்து வறண்டு புறப்பட்டு, கடலைக் கடக்கையில் ஈரத்தை உண்டு, செம்புழுதியோடு தென் இத்தாலியை வந்தடையும் புழுக்கக் காற்று அது. அதன் கொடுமை தாங்காமல் பலெர்மோச் செல்வர்கள் தம் மாளிகைகளுக்கு அடியில் பாறையைக் குடைந்து, கனாத் நீர் ஓடும் குளிர்ந்த அறைகள் அமைத்தனர். அவற்றுக்கு ‘ஷிரோக்கோ அறைகள்’ என்று பெயர். அரபுப் பெயருள்ள காற்றுக்கு அஞ்சி, அரபுப் பெயருள்ள நீரிடம் அடைக்கலம் புகுந்தார்கள்! அதே காற்று அத்ரியாத்திக் கடல் நெடுகத் தண்ணீரை வடக்கே தள்ளிக்கொண்டு போய் வெனிசை மூழ்கடிப்பதும் உண்டு. 1966 நவம்பர் 4-இல் அங்கே நீர்மட்டம் 194 சென்டிமீட்டர் உயர்ந்ததற்கு ஷிரோக்கோ ஒரு முதற்காரணம்.

தென்மேற்குக் காற்றுக்கு லிபேச்சோ என்பதோடு ‘கர்பீனோ’ என்றும் ஒரு பெயருண்டு. இது ‘ஃகர்பீ’, மேற்கத்தியது, என்னும் அரபுச் சொல்லே. போர்த்துகலின் தென்கோடி மாநிலமான அல்கார்வே ‘அல்ஃகர்ப்’ ஆவதையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம்.

ஈண்டு ஒன்று சொல்லியாக வேண்டும். நம்மவரில் சிலர் ஐரோப்பியச் சொல் எதைக் கண்டாலும் அதற்கு அரபு வேர் காட்டிவிட்டுத்தான் உறங்கப் போவர். இது கல்வியன்று, ஆசை. லிபேச்சோவுக்கு அரபு மூலம் கூறுவோர் உளர். லிபியாவின் பெயரோடும் கிரேக்கச் சொல்லோடும் இணைப்பவர்களின் கூற்றே நமக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஓஸ்த்ரோ ஐயமின்றி இலத்தீன். திசைகாட்டிக் கருவிக்கு இத்தாலியர் வழங்கும் ‘புஸ்ஸொலா’ என்ற சொல்லும் அரபன்று. மரத்தாலான சிறு பேழை என்னும் பொருளில் இலத்தீனிலிருந்து வந்தது. இன்று அரபிகள் திசைகாட்டியைப் ‘பூஸலா’ என்கிறார்களே எனின், அதனை அவர்களே இத்தாலியரிடமிருந்து வாங்கிக் கொண்டனர். வாங்கினால் குறைவொன்றும் இல்லை. அமால்ஃபி நகரத்தாரும் இந்த ஆசைக்கு விலக்கல்லர். ஃப்ளாவியோ ஜோயா என்றொருவர் தம்மூரில் திசைகாட்டியைக் கண்டுபிடித்தார் என்று சிலையே வைத்திருக்கின்றனர். அப்படி ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்றில்லை. காந்த ஊசியைப் பற்றிச் சீன அறிஞர் ஷென் குவோ 1088 அளவிலேயே எழுதிவிட்டார். ஷாம் நாட்டுக் கடலில் மாலுமிகள் இரவில் நீர்க்கிண்ணத்தில் ஊசியை மிதக்கவிட்டுத் திசை அறிந்ததைத் தாம் நேரில் கண்டதாக பைலக் அல்கிப்ஜாகீ 1282-இல் எழுதிய நூலில் குறித்துள்ளார்.

இவ்வாறு கழிக்க வேண்டியதைக் கழித்த பின்னும், வானத்தை அளக்கும் சொற்களில் அரபின் பங்கு அசைக்க முடியாதது. திசைக்கோணத்தை இத்தாலியர் ‘அத்ஸிமுத்’ என்பது ‘அஸ்ஸுமூத்’ என்பதே. ‘சம்த்’ என்பதன் பன்மை அது. ‘சம்துல் கிப்லா’ என்று நம் மதரஸாக்களில் ஓதப்படும் கணிதத்திலுள்ள அதே சம்த். தலைக்கு நேர்மேலான புள்ளி ‘சம்துர் ரஅஸ்’. இலத்தீனில் படியெடுத்தவர்கள் ‘ம்’ என்னும் எழுத்தின் மூன்று கோடுகளை ‘னி’ என்று தவறாகப் படித்ததால் சம்த் ‘செனித்’ ஆகி, இத்தாலியில் ‘த்ஸெனித்’ என்று நிலைத்துவிட்டது. எழுத்துப் பிழை ஒன்று எண்ணூறு ஆண்டுகளாக வானத்தின் உச்சியில் அமர்ந்திருக்கிறது.

சிசிலியிலிருந்த அந்த மக்கள் என்னவானார்கள்? 1184-இன் இறுதியில், ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் மெஸ்ஸீனா அருகே கப்பல் உடைந்து கரையேறினார். பலெர்மோவில் கிறிஸ்தவப் பெண்களே முஸ்லிம் பெண்களைப் போல் உடுத்தி, முக்காடிட்டு, மருதாணி பூசித் திருநாளுக்குச் செல்வதைக் கண்டு வியந்து எழுதினார். ஆனால் திராபனி நகரில் அவர் கேட்டறிந்தது வேறு. ஊரில் மதிப்புள்ள ஒருவர், பயணிகளில் ஒருவரிடம் தம் மகனை அனுப்பி, தம் கன்னி மகளை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினாராம். அவரே மணந்தாலும் சரி, தம் ஊராருக்கு மணமுடித்தாலும் சரி, அவளை அத்தீவிலிருந்து வெளியே கொண்டுபோனால் போதும் என்பது அத்தந்தையின் மன்றாட்டு. மகளை இனிக் காண முடியாது என்று அறிந்தே விடுத்த வேண்டுகோள். பெண்மக்களைப் பெற்றோர் இதற்கு உரை கேட்க மாட்டார்கள்.

அத்தந்தையின் அச்சம் வீண்போகவில்லை. 1220-களிலிருந்து பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் எஞ்சிய முஸ்லிம்களைத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியப் பெருநிலத்தில் லுச்சேரா என்னும் ஊரில் குடியேற்றினார். 1300-இல் அஞ்சு வமிசத்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் அந்த ஊரையும் கலைத்தார். பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அதே தலைமுறையில்தான், இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இத்தாலியக் கடற்படம் வரையப்பட்டது. பேசியவர்கள் சந்தையில் விலைபோன காலத்தில் அவர்களுடைய சொல் தோல் வரைபடத்தில் இடம்பிடித்துக் கொண்டது.

மால்டாவில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அத்தீவார் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். பேசுவதோ சிசிலி அரபின் வழிவந்த மொழி. வடக்கை அவர்கள் ‘திரமுந்தானா’ என்று இத்தாலியச் சொல்லால் அழைக்கின்றனர். தெற்குக்கு ‘நொஃப்ஸினார்’ என்பர். ‘நிஸ்ஃபுந் நஹார்’, பகலின் பாதி. அரபில் ஜனூப் என்று சொல் இருக்க, நண்பகல் என்ற இத்தாலியக் கருத்தை அரபுச் சொற்களால் மொழிகின்றனர். இத்தாலியர் வாயில் அரபுச் சொல். மால்டாவார் வாயில் அரபு உடுத்திய இத்தாலிய எண்ணம். தீவின் தென்கிழக்குத் துறைமுகத்தின் பெயர் மர்ஸஷ்லொக். மர்ஸா என்றால் துறை, ஷ்லொக் என்றால் நம் ஷிரோக்கோ. 1989 டிசம்பரில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கப்பல்களில் சந்தித்துப் பேசியது அந்தத் துறையில்தான். அன்று கடும்புயல் வீசிப் பேச்சுகளில் சில தடைப்பட்டன என்பதையும் சொல்லி வைக்கலாம்.

நம் கரைக்கும் இச்சொற்களில் ஒன்று வந்து சேர்ந்ததுண்டு. திரமொந்தானா என்பதை இத்தாலியர் துருவ மீனுக்கும் பெயராக வைத்தனர். ‘திரமொந்தானாவை இழத்தல்’ என்றால் திக்குமுக்காடிப் போதல் என்று பொருள். இன்றும் வழக்கில் உள்ள தொடர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சீனத்திலிருந்து கடல்வழி திரும்பிய வெனிஸ் வணிகர் மார்கோ போலோ, சுமத்திராவில் அந்த மீனைக் காணாமல் தவித்தவர், குமரிமுனைக்கு வந்தபோது, முப்பது கல் கடலுக்குள் சென்றால் அது நீருக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தெரிகிறது என்று குறித்தார். அதே பயணத்தில் தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறையில் ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வந்து நின்ற மரக்கலங்களையும் அவர் விவரிக்கிறார். அக்கலங்களை ஓட்டியவர்கள் அந்த மீனை வேறு பெயரால் அறிவர். அரபு மாலுமிகளுக்கு அது ‘ஜாஹ்’. இந்தியப் பெருங்கடலில் திசைகளுக்குக் காற்றின் பெயரில்லை. பருவத்துக்குப் பருவம் முறை தவறாமல் வீசும் ‘மவ்ஸிம்’ காற்று அங்கே கப்பலைச் செலுத்திற்று. திசையைக் காட்டியவை விண்மீன்கள். வடக்கு ஜாஹ், தெற்கு குத்பு ஸுஹைல், கிழக்கு தாயிர் என்னும் மீன் உதிக்குமிடம், மேற்கு அது மறையுமிடம் என்று முப்பத்திரண்டு திசைகளையும் மீன்களின் பெயராலேயே வகுத்தனர். அஹ்மத் இப்னு மாஜித் 1490 அளவில் எழுதிய கடல்நூலில் இம்முறை விரிவாக உள்ளது. அத்தகைய வழிகாட்டியை அவர்கள் ‘முஅல்லிம்’ என்றனர்; தமிழில் அது மாலுமி ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்க்கும் நம் போன்ற முஅல்லிம்களுக்கு அந்தப் பெருமையில் ஏதேனும் பங்குண்டா என்பது வேறு விஷயம்.

திசைச் சொற்களில் நம் வீடுகளுக்கு மிக நெருங்கிய ஒன்றை இறுதிக்கு வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டு முஸ்லிம் இல்லங்களில் கிப்லா என்றால் மேற்கு. துல்லியமாகச் சொன்னால் மேற்கிலிருந்து சற்று வடக்கு. மதீனாவிலோ அது தெற்கு. எகிப்தில் நாட்டின் தென்பகுதியையே ‘கிப்லீ’ என்கின்றனர். வடபகுதி ‘பஹ்ரீ’, கடற்பக்கம். லிபியாவில் தெற்குப் பாலையிலிருந்து சுட்டுக்கொண்டு வரும் புழுதிக் காற்றுக்குக் ‘கிப்லீ’ என்று பெயர். ‘காஃப்’ எழுத்தை அந்நாட்டார் அழுத்தி உச்சரிப்பதைக் கேட்ட இத்தாலியர் தம் எழுத்தில் அதனை எழுதிக்கொண்டு, தம் அகராதியிலும் சேர்த்துக் கொண்டனர்.

அவர்கள் அங்கே கேட்கச் சென்றது சொற்களையல்ல. 1911-இல் இத்தாலி லிபியாவின்மீது படையெடுத்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் திரிபோலிக்கு அருகே ஐன் ஸாராவில் இத்தாலிய விமானி ஒருவர் கையால் குண்டுகளை வீசினார். விமானத்திலிருந்து குண்டு வீசிய போர்ச் செயல்களில் உலகின் முதலாவது அதுவே. 1930-க்குப் பின் பர்கா நாட்டுப் பழங்குடி மக்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கம்பி வேலி முகாம்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். முதிய வயதிலும் போரை நடத்திய உமர் அல்முக்தார் 1931 செப்டம்பர் 16-இல் சுலூக் என்ற ஊரில் அம்மக்களின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் லிபியாவில் பயன்படுத்துவதற்கென்றே கப்ரோனி நிறுவனம் ஒரு சிறு இராணுவ விமானத்தைச் செய்தது. அதற்குச் சூட்டிய பெயர் ‘கிப்லி’. தொழுகையில் முகம் திருப்பும் திசையின் பெயர், அம்மக்களை வானிலிருந்து வேவு பார்க்கும் எந்திரத்தின் மேல் ஏறிற்று. சூட்டியவர்களுக்கு அதன் வேர் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. அவர்களுக்கு அது ஒரு பாலைக் காற்று.

பெயர் அங்கேயும் நிற்கவில்லை. 1966-இல் மஸராத்தி என்னும் இத்தாலிய நிறுவனம் விரைவுக் கார் ஒன்றுக்கு அதனை வைத்தது. 1985-இல் ஜப்பானில் தொடங்கிய சித்திரப்பட நிறுவனம் ஒன்றுக்கு, விமானங்களில் பெருவிருப்புடைய இயக்குநர் ஹயாவோ மியஸாகி அந்தக் கப்ரோனி விமானத்தின் பெயரையே இட்டார். ஜப்பானியர் அதனை ‘ஜிபுரி’ என்று உச்சரிக்கின்றனர். அவர்கள் எடுத்த படங்களை இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் கண்டு மகிழ்கின்றனர். படத்தின் தொடக்கத்தில் நீலத்திரையில் தோன்றும் அப்பெயரை ஜப்பானிய முறையில் அல்லாமல் இத்தாலிய முறையில் ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அடுத்த அறையில் முஸல்லாவை விரித்துக்கொண்டிருக்கும் உம்மம்மாவுக்கு அகராதி தேவைப்படாது.